நமக்குள் இருக்கட்டும்

எங்கள் குடும்பத்தின் எடை இருநூற்றெழுபது கிலோ. உங்கள் குடும்பத்தின் எடை எவ்வளவு என்று கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தொலைத்தால் மறுபிரதிக்கு மனுப் போட வேண்டும்.

இந்த எடை எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு முட்டிவலி. என் மகளுக்குப் பத்து வயது. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற அளவு இருந்ததால் சிட்டு என்று கூப்பிட ஆரம்பித்தோம். அப்புறம் அவள் வளர்ந்தாள், பெயர் வளரவில்லை. கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நான் தையல்காரன், பூசினாற்போல என்றால் எத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரியும்.

என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் தெருவின் இடுப்பு முழுக்க என் நோட்டில் இருக்கிறது. அதில் யார் பெயரும் கிடையாது. குடை, மீசை, ரெட்டைச் சாவி என்று எனக்கு மட்டும் புரிகிற அடையாளம்தான். புருஷன் வந்து பெண்டாட்டி அளவைக் கேட்டாலும் சொன்னதில்லை. தையல்காரனுக்கு வாய் நீளம் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் அப்புறம் திரைச்சீலை தைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்து மாடிப்படியில் சிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவளுடைய டீச்சர் கடிதம் கொடுத்தனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே 'குடும்பப் பங்கேற்பு எடைநலப் பிரிவு' இருக்கிறதாம். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தது. என் மனைவி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பவள். வீட்டிலும் அந்தக் குரல்தான். "கவனிக்கவும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பறோம். மாமாவும் வரணும்" என்று அறிவித்தாள்.

மாமா என்றது அவளுடைய தம்பியை, சிட்டுவின் தாய்மாமனை. எங்களோடுதான் இருந்தான். பிஸ்கட் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். தொண்ணூற்று நாலு கிலோ. உடைந்த பிஸ்கட் எதையும் வீணாக்கக் கூடாது என்ற கொள்கை உடையவன். வண்டியை மெதுவாக ஓட்டினால் உடையாதே என்று கேட்டால் சிரிப்பான்.

பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இருந்தது, ஓடியது, எங்கள் கண்ணெதிரே கதவு திறந்து மூடியது. 'பணியாளர்களுக்கு மட்டும்' என்று பலகை. அதற்குக் கீழே புதிதாக இன்னொரு பலகை: 'உங்கள் சிகிச்சை இந்தப் படிக்கட்டில் தொடங்குகிறது.' முட்டிவலிக்கு வந்த குழந்தை அறுபத்தாறு படி ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கலைப்பா, ஜன்னல்ல வேடிக்கை பார்க்கறேன்" என்றாள். அந்தத் திருப்பங்களில் ஜன்னல் கிடையாது.

மேலே பதிவுமேசையில் இருந்தவர் ஒரு தராசைக் காட்டி "ஏறுங்க" என்றார். ஆள் ஏறுகிற தராசு இல்லை அது. கிடங்குகளில் மூட்டை நிறுக்கிற இரும்பு மேடை. 'ஒரு நேரத்தில் ஒரு மூட்டை மட்டும்' என்ற பழைய எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது.

"யார் சார் ஏறணும்?"

"எல்லாரும்."

"ஒவ்வொருத்தராவா?"

"ஒவ்வொருத்தரா ஏறினா அதுக்குப் பேரு குடும்பமா?" என்றார் அவர், என்னைப் பரிதாபமாகப் பார்த்து.

நாலு பேரும் ஏறினோம். மச்சான் ஏறியபோது தராசு ஒருதரம் முனகியது. இருநூற்றெழுபது. அதை ஒரு அட்டையில் எழுதி முத்திரை குத்தினார். "பாப்பாவோட எடை தனியா?" என்று என் மனைவி கேட்டாள். "குழந்தையைத் தனியா நிறுத்தி எடை பார்க்கறது அது மனசைப் புண்படுத்தும்மா. நாங்க அதை எப்பவோ ஒழிச்சாச்சு" என்றார். சிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நல்ல இடம் போல என்று நானும் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அடுத்தது ஆலோசகர் அம்மா. அவர் அறையில் எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டு உறுதிமொழி சொல்ல வேண்டும். 'என் குழந்தையின் எடை என் எடை. அதன் தொப்பை என் தொப்பை.' ஐம்பத்தெட்டு கிலோவில் குச்சி மாதிரி இருக்கிற நான் இதைச் சொன்னபோது மச்சானுக்குச் சிரிப்பு வந்து, இருமி மறைத்தான். பிறகு ஆளுக்கொரு படிவம். அதில் ஒரே ஒரு கேள்வி: 'இக்குழந்தையின் நிலையில் உங்கள் பங்கு என்ன?'

நான் பங்கு என்றால் சாப்பாட்டுப் பங்கு என்று நினைத்துவிட்டேன். 'எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பது' என்று உண்மையை எழுதினேன். ஆலோசகர் அம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு ஆழமான ஒப்புதல்! தன்னை ஒதுக்கிக்கொள்ளும் தந்தை!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மச்சான் 'உடைந்த பிஸ்கட்' என்று எழுதியிருந்தான். அதையும் அவர் குறியீடாக எடுத்துக்கொண்டார்.

"டாக்டர் எப்பங்க பார்ப்பாரு?" என்று கேட்டேன். "இவளுக்கு முட்டி வலிக்குது."

"டாக்டரா? இது குடும்பத்தை மையமா வச்ச சிகிச்சை. டாக்டர் உள்ள வந்துட்டா மையம் நகர்ந்துடும். நீங்க முதல்ல நல்லா ஒத்துழையுங்க. ஒத்துழைக்கிற குடும்பத்துக்கு டாக்டர் சீட்டு தருவோம்."

அந்தச் சீட்டு ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் அதற்காகத்தான்.

இரண்டாவது மாதம் போனபோது எங்கள் எடை இருநூற்றெழுபத்தொன்று. அந்த ஒரு கிலோ யாருடையது என்று விசாரணை நடந்தது. மச்சான் அன்று காலையில் சாப்பிட்டதை ஒப்புக்கொண்டான். எங்களை வெளியே உட்காரவைத்து, ஒரு புத்தகம் கொடுத்தார்கள். நீல அட்டை, அதில் பூட்டுப் படம். மேலே 'உண்மை ஏடு' என்றும், கீழே 'இதில் எழுதுவது நமக்குள் இருக்கும்' என்றும் போட்டிருந்தது. குழந்தை ஏன் சாப்பிடுகிறது, எப்போது, யாரோடு, என்னென்ன சொல்கிறது, எல்லாம் எழுத வேண்டும்.

"குழந்தைங்க அப்பாகிட்ட மனசு விட்டுப் பேசும்" என்றார் ஆலோசகர் அம்மா. "நீங்க கேட்டு எழுதுங்க. பக்கம் நிறையணும்."

நான் எழுதவில்லை. அளவு நோட்டிலேயே பெயர் எழுதாதவன், மகள் பேச்சையா எழுதுவேன்?

அந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் சிட்டு பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்தாள். வெட்டுமேசைக்குக் கீழே, துண்டுத் துணிக் குவியல்மேல்தான் அவள் உட்காருவாள். அவளுடைய இன்னொரு சீருடைப் பாவாடையை நான் மெஷினில் வைத்திருந்தேன். குழந்தைகள் துணிக்கு நான் எப்போதும் உள்ளே கூடுதலாகத் துணி விட்டுத்தான் தைப்பேன். இரண்டுமுறை அவளுக்குத் தெரியாமல் தையலைப் பிரித்து அரை அரை அங்குலம் விட்டாகிவிட்டது. காலையில் போடும்போது இறுக்கவில்லை என்றால் தான் பெருக்கவில்லை என்று அவள் சந்தோஷமாகப் போவாள். அது மூன்றாவது முறை.

சிட்டு எழுந்து வந்து பாவாடையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இதைப் பிரிச்சு விட்டிருக்கீங்கதானே?"

"இல்லையே."

"பழைய தையலோட ஊசி ஓட்டை தெரியுதுப்பா. ரெண்டு வரிசை இருக்கு."

தையல்காரன் மகளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்! எனக்கு அசடு வழிந்தது. "அம்மாகிட்ட சொல்லிடாத. நமக்குள்ள இருக்கட்டும்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் ஊசி ஓட்டைகளை நகத்தால் தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப நானும் ஒண்ணு சொல்றேன். அதுவும் நமக்குள்ள."

"சொல்லும்மா."

"மத்தியானம் சாப்பிடும்போது மத்தவங்க டப்பால மிச்சம் இருக்கறதை எல்லாம் எனக்குத் தருவாங்கப்பா. நான் சாப்பிட்டுடுவேன். என் பேரு தபால் பெட்டி. எது போட்டாலும் உள்ள போயிடுமாம்."

"பசிக்குதாடா?"

"பசிக்கலை. சாப்பிட்டாத்தான் பக்கத்துல உக்காருவாங்க. ஒருநாள் வேணாம்னு சொன்னேன். எல்லாரும் வேற பெஞ்சுக்குப் போயிட்டாங்க." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "தபால் பெட்டி நல்ல பேருதான் இல்லப்பா? சிவப்பா இருக்கும்."

நான் மெஷினை நிறுத்தினேன். அவளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவளும் ஊசி ஓட்டையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, அவள் அம்மாவிடம்கூட. இன்றுவரை சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் எடை அதே இருநூற்றெழுபத்தொன்று. ஆனால் தராசுக்குத் தெரியாதது என் டேப்புக்குத் தெரிந்திருந்தது. கவலையில் என் இடுப்பு ஒரு அங்குலம் இறங்கியிருந்தது. சிட்டுவின் இடுப்பு ஒரு அங்குலம் ஏறியிருந்தது. கூட்டிப் பார்த்தால் குடும்பம் அப்படியே இருந்தது. நான் இதைச் சொல்லப் போனேன். "தனிநபர் விவரம் வேண்டாம்" என்று பதிவுமேசைக்காரர் காதைப் பொத்தாத குறையாகத் தடுத்துவிட்டார். படியேறி வந்ததில் சிட்டுவின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆலோசகர் அம்மா உண்மை ஏட்டைத் திறந்தார். வெள்ளைப் பக்கம். இன்னொரு பக்கம். அதுவும் வெள்ளை.

"அப்பா, நீங்க குழந்தையை நேசிக்கிறீங்களா?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க?"

"நேசிக்கிற அப்பா வெள்ளைப் பக்கம் கொண்டு வருவாரா? இப்படியே போனா உங்களை 'ஒத்துழையாத குடும்பம்' பட்டியல்ல போட வேண்டி வரும். அப்புறம் டாக்டர் சீட்டை நாங்களே நினைச்சாலும் தர முடியாது." குரலைத் தாழ்த்தினார். "எதுக்குப் பயப்படறீங்க? பூட்டுப் படம் போட்டிருக்கு பாருங்க. நமக்குள்ளதானே."

வெளியே பெஞ்சில் சிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏட்டை வாங்கிக்கொண்டு நடையின் கோடிக்குப் போனேன். ஜன்னல் திண்டில் வைத்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. தபால் பெட்டி என்ற வார்த்தையை எழுதும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சிட்டு கையசைத்தாள். நானும் அசைத்துவிட்டு மிச்சத்தை எழுதி முடித்தேன். டாக்டருக்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன், இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

நாலாவது மாதம்தான் எங்களுக்கு யோகம் அடித்தது. மச்சானை வேறு ஊர்க் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பெட்டியும் ஒரு அழுகையுமாகக் கிளம்பிப் போனான். நாங்கள் மூன்று பேர் தராசில் ஏறினோம். நூற்றெழுபத்தேழு.

பதிவுமேசைக்காரர் முள்ளைத் தட்டிப் பார்த்தார். எங்களை இறக்கி மறுபடி ஏற்றினார். பிறகு நாற்காலி பின்னால் சாய, உள்ளே ஓடினார். ஆலோசகர் அம்மா வந்தார். நான் அதுவரை பார்த்தே இராத இயக்குநர் வந்தார்.

"தொண்ணூற்று நாலு கிலோ!" என்றார் இயக்குநர். "ஒரே மாசத்துல!"

"சார், அது என் மச்சான். வேற ஊருக்குப் போயிட்டான்."

"எப்படிக் குறைஞ்சுதுன்னு படிவத்துல கட்டம் இல்லை. எவ்வளவு குறைஞ்சுதுன்னுதான் இருக்கு."

"ஆளே குறைஞ்சிருக்கு சார்."

"பாருங்க, என்ன ஒரு அடக்கம்!" என்று ஆலோசகர் அம்மாவிடம் சொன்னார். "வருடாந்தர விழாவுல இவங்கதான் மாதிரிக் குடும்பம்."

நான் விடவில்லை. டாக்டர் சீட்டு கேட்டேன். மாதிரிக் குடும்பத்துக்குச் சீட்டே தேவையில்லையாம். விழாவுக்கு டாக்டரே வருவாராம், மேடையிலேயே பார்க்கலாமாம். அதோடு நான் தையல்காரன் என்று தெரிந்ததும் என் பங்கேற்பு இன்னும் ஆழமானது. விழா மேடைக்குப் பின்னால் கட்டுகிற பெரிய பேனர் துணிக்கு ஓரம் அடித்துத் தர வேண்டும் என்றார்கள். அச்சடித்துச் சுருட்டி வந்திருந்தது. இருபது அடி.

ஓரம் மடிப்பது துணியின் பின்பக்கத்தில். அதனால் இருபது அடியையும் நான் முதுகுப் பக்கமாகத்தான் பார்த்தேன். சிவப்பாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது. நான் கவனித்தது ஓரத்தை மட்டும். பொடித் தையல், ஒரு இடத்தில் கோணல் கிடையாது. மூலைகளில் கயிறு கட்ட வளையம் வைத்து இரட்டைத் தையல் போட்டேன். மகள் மேடை ஏறுகிற விழா அல்லவா!

விழாவன்று மண்டபத்தில் முன்னூறு பேர் இருந்தார்கள். பல பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்திருந்தார்கள். சிட்டுவின் வகுப்பும் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. எங்கள் மூவரையும் மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சிட்டு புதுப் பாவாடை போட்டிருந்தாள், ஊசி ஓட்டை இல்லாதது. பேனர் மேலே சுருட்டிக் கட்டியிருந்தது.

இயக்குநர் பேசினார். "இந்தப் பிரிவைத் தொடங்கியபோது நான் ஒரு குழந்தையைக்கூடப் பார்த்ததில்லை. நான்கு ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் பார்க்கவில்லை. ஏனென்றால் நான் குழந்தையைப் பார்ப்பதில்லை, குடும்பத்தைப் பார்க்கிறேன்!" கைதட்டல். "எங்களிடம் வந்து எடை குறையாமல் போன குழந்தை என்று பதிவேட்டில் ஒன்றுகூட இல்லை. ஏனென்றால் குழந்தையின் எடையை நாங்கள் பதிவதே இல்லை!" கைதட்டல். அவர் குரல் தழுதழுத்தது. "குறை உங்களுடையது என்று எந்தக் குடும்பமும் இதுவரை எங்களைச் சொன்னதில்லை. எல்லாக் குடும்பமும் தங்களைத்தான் சொல்லிக்கொள்கிறது. இதைவிட ஒரு சிகிச்சைக்கு என்ன வெற்றி வேண்டும்?"

கேடயம் கொடுக்க டாக்டர் வந்தார். ஐந்து மாதமாக நான் காத்திருந்த டாக்டர். கேடயத்தை வாங்கும்போது, "ஐயா, பாப்பாவுக்கு முட்டி..." என்றேன். "வாழ்த்துகள்" என்றார். "இல்லைங்க, முட்டி வலி..." "கேமராவைப் பாருங்க" என்றார். பார்த்தேன்.

அதற்கப்புறம் ஆலோசகர் அம்மா ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு தந்தையின் உண்மை இருக்கிறது" என்றார். அவர் கையில் நீல அட்டை. கயிற்றை யாரோ இழுத்தார்கள், பேனர் சரசரவென்று இறங்கியது.

முதலில் என் கண் ஓரத்துக்குத்தான் போனது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நேராக இருக்கிறதே என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன். அப்புறம்தான் படம் தெரிந்தது. குண்டான சிவப்புத் தபால் பெட்டி, அதற்கு இரட்டைப் பின்னல். வாயில் சாப்பாட்டு டப்பாக்கள் விழுகின்றன. மேலே பெரிய எழுத்தில்: 'நீ யாருடைய தபால் பெட்டி?'

ஆலோசகர் அம்மா வாசித்தார். ஒன்றரைப் பக்கத்தையும் வாசித்தார். பெயர் எதையும் சொல்லவில்லை. 'பெயர் மறைக்கப்பட்ட ஒரு சிறுமி' என்றார், எங்களைப் பார்த்துக்கொண்டே. 'பசிக்கலை, சாப்பிட்டாத்தான் பக்கத்துல உக்காருவாங்க' என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்டபமும் துடைத்துக்கொண்டது. ஐந்தாவது வரிசையில் மட்டும் ஒருத்தி இன்னொருத்தியின் தோளில் இடித்தாள். பிறகு அந்த வரிசை முழுக்கத் தலை குனிந்து குலுங்கியது.

சிட்டு அழவில்லை. அழுதிருந்தால் நான் அணைத்திருப்பேன். அவள் பேனரை ஒருமுறை பார்த்தாள். பேனரின் ஓரத்தைப் பார்த்தாள். என் தையல் அவளுக்குத் தெரியும். பிறகு என்னைப் பார்த்தாள், அளவு எடுக்கிற மாதிரி, தலையிலிருந்து கால்வரை.

"அப்பா" என்றாள், மெதுவாக. "நமக்குள்ளன்னு சொன்னீங்க."

என் மனைவி, ஊருக்கே அறிவிப்புச் சொல்லும் வாயைத் திறந்து எதுவும் சொல்லாமல், மகளின் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப் போய்விட்டாள். மேடையில் நானும் கேடயமும் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் அறுபத்தாறு படியையும் ஒரே மூச்சில் ஏறினேன். ஆலோசகர் அம்மா மேசையில் கிடந்த உண்மை ஏட்டை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குள் நேராகப் போய் அவர் முன்னால் போட்டேன். "நமக்குள்ளன்னு அச்சடிச்சிருக்கீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கத்தினேன். நான் கத்தினால் கேட்கச் சகிக்காது, குரல் கீச்சிடும்.

இயக்குநர் கோபப்படவில்லை. அன்போடு சொன்னார். "நமக்குள்ளன்னா நாம எல்லாரும். நீங்க, நான், இந்தப் பிரிவு, மண்டபத்துல இருந்தவங்க, பொதுமக்கள். அத்தனை பேரையும் சேர்த்துக்கற சொல் அது. உங்களுக்கும் பாப்பாவுக்கும் மட்டும்னா 'எங்களுக்குள்'னு போட்டிருப்போமே? போடலையே. தமிழ்ல இதுக்குன்னே தனிச் சொல் இருக்கும்போது நீங்க கவனிக்காம விட்டா நாங்க என்ன செய்யறது?"

பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி, அதுவும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது.

"மனக்குறை இருந்தா எழுதிக் குடுங்க" என்று ஒரு படிவம் நீட்டினார். ஒரே ஒரு கேள்வி. 'இந்தப் புகார் எழுந்ததில் உங்கள் பங்கு என்ன?'

இந்தமுறை எனக்குக் கேள்வி சரியாகப் புரிந்தது. அதனால்தான் எழுத முடியவில்லை. அவர்கள் ஏமாற்றினார்கள், சரி. எழுதியது யார்? ஓரம் அடித்தது யார்? படிவத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். லிஃப்டில் இயக்குநர் எனக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்திருந்தார்.

பேனரைப் பிரதி எடுத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். அசல் துணியை மட்டும், மாதிரிக் குடும்பத்தைக் கௌரவிக்கும் விதமாக, சிட்டுவின் பள்ளி வாசலில் கட்டினார்கள். மூலைக்கு இரட்டைத் தையல் போட்டிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா, காற்றுக்கும் மழைக்கும் கிழியவே இல்லை. என் மனைவி போய்த் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு, எட்டாம் நாள் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி இறக்கினாள். வெட்டிய கத்தரிக்கோல் என் கடையுடையது. அதை மேசையில் வைத்துவிட்டு, "நீங்க வெட்டியிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

முட்டிக்கு ஒரு வழி பிறந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன கிளினிக். படி கிடையாது. டாக்டர் அம்மா கதவைத் திறந்து, எங்களை விட்டுவிட்டு, சிட்டுவைப் பார்த்துக் கேட்டார்: "உன்கூட யார் உள்ள வரணும்?"

"அம்மா மட்டும்" என்றாள் சிட்டு.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவுக்குள்ளிருந்து சிட்டுவின் குரல் கேட்டது. நெடுநேரம் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று காதைத் தீட்டவில்லை. அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது. செருப்புக்குள் வைக்க ஒரு மெத்தையும், செய்ய வேண்டிய பயிற்சியும், ரத்தப் பரிசோதனைச் சீட்டும் தந்தார்களாம். இப்போது அம்மாவும் மகளும் தினமும் சாயங்காலம் நடக்கப் போகிறார்கள். படி ஏறும்போது அவள் நிற்பதில்லை. என்னோடு பேசவும் செய்கிறாள். தண்ணி வேணுமாப்பா, கடைச் சாவி எங்கப்பா, இப்படி. வெட்டுமேசைக்குக் கீழே மட்டும் வருவதில்லை.

புதுப் பள்ளி வருஷம் வந்தது. புதுச் சீருடைத் துணி வீட்டில் மடித்தபடி இருந்தது. நானாகக் கேட்கக் கூடாது என்று பொறுத்திருந்தேன். டேப்பை மட்டும் தினமும் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். ஒருநாள் துணி வைத்த இடத்தில் இல்லை.

எங்கள் தெருவில் எதிர்ச்சாரியில் இன்னொரு தையல்கடை உண்டு. அந்த ஆளுக்கும் எனக்கும் பத்து வருஷமாகப் பேச்சு கிடையாது. அவன் வைக்கிற காலர் ஒரு பக்கம் கிழக்கே பார்க்கும், ஒரு பக்கம் மேற்கே பார்க்கும். அன்று மத்தியானம் தலை நிமிர்த்தியபோது அவன் கடைக் கண்ணாடிக்குள் சிட்டு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, மூச்சைப் பிடிக்காமல் இயல்பாக நின்றாள். அவன் டேப்பை அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டான். அவள் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டி, நோட்டில் எழுதி, மூடி வைத்தான்.

அவள் போன பிறகு பத்து வருஷ ரோஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தெருவைத் தாண்டினேன். வாசலிலேயே நின்றேன்.

"என் பொண்ணு வந்தாளே. உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தை. வளர்ற பிள்ளை." தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இடுப்பு எவ்வளவு வந்துது?"

அவன் மெஷினை நிறுத்தினான். நோட்டை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினான். அவனும் தையல்காரன்தான், காலர் எப்படி வைத்தால் என்ன?

"அது எங்களுக்குள்ள" என்றான்.